ஏழாம் கோளில் வைத்த பொய்

பொய் செய்வது என் வேலை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, முறைப்படி பொய் செய்வேன். ஆனால் பொய் சொல்ல எனக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணுக்குச் சமைக்க வருமா?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார். "சோறு குழைஞ்சுரும், குழம்பு பரவாயில்ல" என்று சொல்லி, அடுக்களையில் அம்மாவிடம் கிள்ளு வாங்கினேன். கூடத்தில் மாப்பிள்ளை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் செங்கோடனைக் கட்டிக்கொண்டேன்.

என் பெயர் பூங்கோதை. ஏற்காட்டு மலைமேல், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கோளாய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நிலையம் என்றதும் பெரிய குவிமாடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது நாடுகள் சேர்ந்து அனுப்பிய 'நெடுங்கண்' என்ற தொலைநோக்கி விண்வெளியில் இருந்தது. எங்களிடம் இருந்தது நாலு அறை, ஓயாமல் உறுமும் கணினிகள், மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூக்கும் பூஞ்சை.

வேலை இவ்வளவுதான். வேறொரு சூரியனைச் சுற்றும் கோள் அந்தச் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது, வெளிச்சத்தில் ஒரு துளி அந்தக் கோளின் காற்றுக்குள் நுழைந்து வெளியே வரும். காற்றில் உள்ள ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிக்கொள்ளும். வந்து சேர்ந்த வெளிச்சத்தைக் கோடாக வரைந்தால் விழுங்கிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். எந்தப் பள்ளம் எந்த வாயு என்று பார்த்து, அங்கே ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். எங்கள் சுவரில் பன்னிரண்டு கோள்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. வாயில் நுழையாத பெயர்கள். நாங்கள் ஒண்ணு, ரெண்டு என்றே கூப்பிடுவோம்.

இதில் பொய் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இருபது வருஷமாக உயிரைத் தேடுகிற மனுஷனுக்கு வெறும் இரைச்சல்கூட உயிராகத் தெரிய ஆரம்பித்துவிடும். அயல்நாட்டு விஞ்ஞானி ஒருவர் அப்படித்தான் அவசரப்பட்டு உலகத்துக்கே அறிவித்துவிட்டு, பிறகு தலைகாட்ட முடியாமல் போனார். மாநாடுகளில் இன்னமும் அவர் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். செங்கோடனே சிரித்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு ஆய்வுச் சுற்றிலும் பன்னிரண்டில் ஏதோ ஒரு கோளின் தரவுக்குள் போலிப் பள்ளங்களைப் புகுத்தி வைப்போம். எந்தக் கோள் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் நான். எண்ணைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து, இயக்குநரின் இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவேன். எல்லோரும் தங்கள் முடிவை எழுதிக் கொடுத்த பிறகு, குறித்த நாளில் எல்லோர் முன்னாலும் உறையைப் பிரித்துப் போலியை நீக்குவோம். நீக்கிய பிறகும் பள்ளம் மிஞ்சினால் அது அசல். ஐந்து சுற்று முடிந்திருந்தது. ஒரு தடவைகூட ஒன்றும் மிஞ்சவில்லை.

பொய் வைப்பவருக்கு இரண்டு விதி. யாரிடமும் சொல்லக் கூடாது, கட்டின புருஷனிடம்கூட. வைத்த பிறகு தரவைத் திறந்து பார்க்கவும் கூடாது. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் என் முகம் சுத்த மோசம்.

கட்டின புருஷன் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே தரவு படிப்பவர்களில் முதல் ஆளே செங்கோடன்தான். ஐந்து சுற்றிலும் என் பொய்யைக் கண்டுபிடித்தவர் அவர். உறை பிரிக்கிற அன்று சாப்பாட்டு அறையில் கேசரி கிண்டுவார்கள். ஒரு கரண்டி அதிகமாக வாங்கிக்கொண்டு வந்து, "உன் வண்டவாளம் எனக்குத் தெரியாதா புள்ள" என்பார்.

ஆறாவது சுற்றுக்கு, போலியைப் புகுத்தப் புதிய கணினி நிரல் வந்தது. எழுதியவள் எங்கள் நிலையத்து இளம் பெண் ஹசீனா. கெட்டிக்காரி. பழைய நிரல் நான் எழுதியது. புதியதோடு ஆறு பக்கக் குறிப்பு ஒன்றையும் கொண்டுவந்து நீட்டி, "மேடம், ஒரே ஒரு தடவை படிச்சுருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "இந்த வேலைய நான் தொடங்குனப்ப நீ பால்வாடில இருந்திருப்ப. எனக்கே பாடமா?" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. குறிப்பை இழுப்பறையில் தள்ளினேன். எந்தக் கோள் என்று திரை எண்ணைக் கேட்டது. ஏழு என்று அடித்தேன். தாளிலும் ஏழு என்று எழுதி அரக்கு வைத்தேன்.

அந்தச் சுற்றில் செங்கோடன் அலுவலகம் வரவில்லை. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற நோய். பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்றார் சேலத்து டாக்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. மூக்கில் குழாய். மடியில் மடிக்கணினி. "ஏனுங்க, வேலைய விட்டுட்டுக் கொஞ்சம் படுங்களேன்" என்றால், "நாப்பத்தேழு ஒளியாண்டு தள்ளி ஆக்சிஜன் இருக்குதான்னு தேடறேன். எனக்கு வேண்டியது இங்க உறுமிக்கிட்டுக் கிடக்குது. கூத்தப் பாரு" என்று சிரிப்பார். சிரிப்பு இருமலாகி, இருமலில் உதடு நீலமாகி, அடங்கக் கால் மணி நேரம் ஆகும். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தீபாவளியத் தாண்டறது கஷ்டம்மா" என்றார். உறை பிரிக்கும் நாள் தை மாதம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அழுதேன்.

அவரால் சத்தமாகக் கூப்பிட முடியாது. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்கு ஒரு தட்டு, கழிவறைக்கு இரண்டு. ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, நான் அடுப்பில் கூழைக் கிளறிக்கொண்டிருந்தபோது டம்ளர் தவில் மாதிரி அதிர்ந்தது. என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடினேன்.

"கோதை, ஏழு!" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். "ஏழாவதுல ஆக்சிஜனும் மீத்தேனும் ஒண்ணா இருக்குது புள்ள. ஒண்ணா!"

சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் கேக்கவும் கூடாது, பாக்கவும் கூடாது."

"தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான்தான் சொல்றேன், சுவத்துகிட்டச் சொல்ற மாதிரி. பன்னெண்டுல ஒண்ணு நீ வெச்சது. அது இதுவாவே இருக்கலாம். ஆனா உன் கை எனக்குத் தெரியும். நீ வெக்கறது எப்பவும் கோலம் போட்ட மாதிரி சுத்தமா இருக்கும். இது கோணல்மாணலா இருக்குது. ஓரத்துல பிசிறு. உனக்கு இப்படி வராது."

இந்தத் தடவை வேண்டுமென்றே கோணலாகச் செய்திருந்தேன். ஐந்து சுற்று தோற்றவள், ஆறாவதிலாவது இந்த மனுஷனை ஏமாற்ற வேண்டும் என்று பதினெட்டு நாள் உட்கார்ந்து, ஓரமெல்லாம் பிசிறு வைத்து, அதே ஆக்சிஜனையும் மீத்தேனையும் செதுக்கியிருந்தேன். விளையாட்டுக்குச் செய்தது. அப்போது நோய் இவ்வளவு முற்றவில்லை.

கூழ் அடிபிடித்து நாறியது. அதையே கரைத்துக் கொடுத்தேன். அன்று இரண்டு டம்ளர் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் நறுமுகை வந்தாள். கோவையில் பல் மருத்துவம் படிக்கிறாள். அவளிடம் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே! வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாயு ஒண்ணா இருந்தா அதுல என்னப்பா அதிசயம்?" என்று கேட்டாள்.

"உங்க ஹாஸ்டல் மெஸ்ல சாயங்காலம் வடை போடுவாங்கள்ல?"

"போடுவாங்க. அஞ்சு நிமிஷத்துல தட்டு காலி."

"அதேதான். மீத்தேன் வடை, ஆக்சிஜன் பசிச்ச புள்ளைங்க. ரெண்டையும் ஒரே அறைல விட்டா, ஒண்ணு ஒண்ணத் தின்னு தீத்துரும். நீ ஒரு மணி நேரம் கழிச்சுப் போய்ப் பாக்கற. புள்ளைங்களும் அங்கயே நிக்கறாங்க, தட்டுல வடையும் இருக்குது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

நறுமுகை யோசித்தாள். "உள்ள யாரோ சுட்டுக்கிட்டே இருக்காங்க."

"ஹா!" என்று கட்டிலைத் தட்டினார். "அவ்வளவுதான் கண்ணு. இதுக்குத்தான் உங்கப்பன் முப்பத்தோரு வருஷம் படிச்சான்."

"யாருப்பா சுடறாங்க?"

"பாசியா இருக்கலாம். நம்ம ஆபீஸ் சுவத்துல இருக்கற பூஞ்சை மாதிரி ஏதோ ஒண்ணா இருக்கலாம். எதுவா இருந்தா என்ன? நான் அஞ்சாவது படிக்கறப்ப அங்கிருந்து கிளம்புன வெளிச்சம் இது. நான் சங்ககிரி ஸ்கூல்ல வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டு நின்னப்ப, அங்க ஏதோ ஒண்ணு மூச்சு விட்டிருக்குது பாரு."

மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் துணி மடிக்கிற சாக்கில் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம். என் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நல்ல மூன்று வாரம் இருந்ததில்லை, அவ்வளவு கெட்ட மூன்று வாரமும் இருந்ததில்லை. அரிசிம்பருப்புச் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். முடி வெட்டுகிறவரை வீட்டுக்கு வரவழைத்து மீசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டார். "தாங்காது, தாங்காது" என்று நான் கத்தக் கத்த வாசல்வரை நாலு எட்டு நடந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் விசாரித்தார். சாகப்போகிற மனுஷன் மாதிரியே இல்லை. நான் ஒரு கணக்குப் போட்டேன். தைக்கு முன்னால் அவர் போய்விடுவார். உறை பிரிக்கிறதை அவர் பார்க்கப்போவதில்லை. நான் பொய் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சந்தோஷமாகப் போகட்டும். எந்தச் சாமி கோபித்துக்கொள்ளப்போகிறது?

புரட்டாசி நடுவில் ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. "கோதை, உக்காரு. இதப் படி" என்று மடிக்கணினியைத் திருப்பினார்.

நாலு பக்கக் கடிதம். ஒன்பது நாட்டுக் குழுவுக்கும், கூடவே இரண்டு பத்திரிகைகளுக்கும். ஏழாவது கோளில் உயிர் இருக்கிறது என்று காரணகாரியத்தோடு எழுதியிருந்தார். அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். நடுவில் வடைகூட வந்திருந்தது. ஒன்பது நாட்டுக்காரர்களும் வடைக்கு அர்த்தம் தேடட்டும் என்று விட்டிருந்தார்.

"உறை பிரிக்கறதுக்கு முன்னாடி வாயத் தொறக்கக் கூடாதுங்க" என்றேன்.

"தெரியும். நான் தை வரைக்கும் இருக்க மாட்டேன். டாக்டர் உங்கிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லலைன்னாலும் உன் மூஞ்சிலயே எழுதியிருக்குது. இருக்கறப்பவே ஒரு தடவை என் வாயால சொல்லிட்டுப் போறேன். செத்தவன் மேல என்ன நடவடிக்கை எடுத்துருவாங்க?"

விரல் 'அனுப்பு' பொத்தானுக்குப் போனது.

எனக்குள் தை மாதம் ஓடியது. உறையைப் பிரிப்பார்கள். ஏழு என்று படிப்பார்கள். பெண்டாட்டி செய்த போலியை உயிர் என்று நம்பி உலகத்துக்கே அறிவித்துவிட்டுச் செத்தவர் என்று மாநாட்டுக்கு மாநாடு சிரிப்பார்கள். அந்த அயல்நாட்டுக்காரரை விட்டுவிட்டு இனிமேல் செங்கோடன் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். முப்பத்தோரு வருஷம் ஒரு புள்ளி தப்பாக எழுதாத மனுஷன். சந்தோஷத்தைக் காப்பாற்றினால் பேர் போகிறது. பேரைக் காப்பாற்றினால் சந்தோஷம் போகிறது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாங்க."

"ஏன்?"

என் முகத்தையே பார்த்தார். முதலில் சிரிப்பு இருந்தது. பிறகு அது மெதுவாக வடிந்துவிட்டது.

"நீ வெச்சதா?" என்றார். "கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன்."

'இல்லை' என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பார். சொல்ல வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை. நாக்கு எழும்பவில்லை.

"ஆமாங்க" என்றேன். "ஏழுலதான் வெச்சேன்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கோணல், பிசிறு..."

"வேணும்னேதான் அப்படிச் செஞ்சேன். என் கை உங்களுக்குத் தெரியும்னுதான்."

"அடிப்பாவி" என்றார். கோபமே இல்லை. என் கன்னத்தைத் தொட்டார். "அருமையா வெச்சிருக்க புள்ள. இத்தன வருஷத்துல இவ்வளவு அழகா நீ எதுவும் வெச்சதில்ல."

நான் அவர் மடியில் விழுந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, பழக்க தோஷம், இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டாவதுலயும் லேசா இருக்குதே கோதை. அதே ரெண்டு பள்ளம். அந்தச் சூரியன் நெறயப் புள்ளி விழுந்த சூரியன், அதனால தெளிவில்ல. ஆனா இருக்குது. அது என்ன?"

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு. இன்னொரு ஆசையா? அதையும் நான்தான் கொல்ல வேண்டுமா? தலையைத் தூக்கி, கொஞ்சம் கத்தியே சொன்னேன்.

"எட்டுல ஒரு மண்ணும் இல்லீங்க. வெறும் இரைச்சல். வெச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"ஆமா" என்றார். "உனக்குத் தெரியாதா."

மடிக்கணினியை மூடினார். கடிதத்தை அழித்துவிடுங்கள் என்றேன். "கெடக்கட்டும், அதென்ன சோறா கேக்குது" என்றார். பிறகு, "முகைகிட்ட எதுவும் சொல்லாத. நீ விதிய மீறுனது வெளிய தெரிய வேண்டாம்" என்றார். அந்த நிலைமையிலும் என் வேலையைப் பற்றிய கவலை.

அன்றைக்கு ஒரு விதியை மீறினேன். இன்னொன்றையும் மீறி, ஏழையும் எட்டையும் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அவர் மடிக்கணினியைத் தொடவில்லை. அரிசிம்பருப்பு செய்து வைத்தால் இரண்டு வாய், போதும். மீசையை யாரும் ஒழுங்கு பண்ணவில்லை. நறுமுகை போனில் பேசினால் அவள் படிப்பைப் பற்றி மட்டும் விசாரித்தார். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. என்னைக் கேலி பண்ணினார், பாட்டுப் போடச் சொன்னார், நான் தூங்கவில்லை என்று திட்டினார். ஒரே ஒரு தடவை, நான் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப யாரும் சுடலயா கோதை?"

குழாயை இரண்டாம் தடவையும் சரிபண்ணினேன்.

ஐப்பசி பதினொன்றாம் தேதி காலை சட்னி தாளித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் ஒரு தட்டுத் தட்டியது. "தண்ணிதான, வந்துட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே வாணலியை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தை பிறந்தது. "நீங்க வர வேண்டாம்மா, வீட்ல இருங்க" என்றார் இயக்குநர் லூர்துராஜ். நல்ல மனிதர். நான் கேட்கவில்லை. என் பொய்யை நான்தான் எடுக்க வேண்டும். கூடத்தில் நாற்பது பேர். திரையில் மற்ற எட்டு நாட்டுக்காரர்கள். சாப்பாட்டு அறையிலிருந்து கேசரி வாசம் வந்தது.

ஆறு குழுக்கள் ஏழாவதைக் குறித்திருந்தன. இரண்டு குழுக்கள் எட்டாவதையும் சந்தேகத்தோடு சேர்த்திருந்தன. லூர்துராஜ் அரக்கை உடைத்து, தாளை எடுத்து, "ஏழு" என்று படித்தார். கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. 'இந்தத் தடவையும் அவ்வளவுதான்' என்கிற பெருமூச்சு. அருமையான போலி என்று யாரோ கைதட்டினார்கள். செங்கோடன் சொன்னதையே சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எடுத்துரலாமா மேடம்?" என்று ஹசீனா கேட்டாள். தலையாட்டினேன். நிரல், தான் புகுத்திய பொய்யை, புகுத்திய இடத்திலிருந்தே உருவி எடுக்கும். பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஏழாவது கோளின் கோடு. இரண்டு பள்ளம். அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவ" என்றார் லூர்துராஜ். அவள் அழுத்தினாள். ஏழு அசையவில்லை. பக்கத்தில் எட்டாவது கோளின் கோடு பச்சைக் குழந்தையின் நெற்றி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது.

ஹசீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்... இந்தப் புரோகிராம் பூச்சியத்துலருந்து எண்ணும். மொதக் கோளுக்கு நம்பர் பூச்சியம். ஏழுன்னு அடிச்சா எட்டாவது. நான் அந்தக் குறிப்புல... மொதப் பக்கத்துலயே..."

"எழுதியிருந்த" என்றேன். "எழுதியிருந்தம்மா. நான் படிக்கல."

அதற்குள் கூடத்துக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஓவென்று கத்தினார்கள். நாற்காலிகள் விழுந்தன. திரையில் எட்டு நாட்டு மனிதர்களும் எழுந்து நின்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். லூர்துராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். பூமிக்கு வெளியே உயிர். மனுஷ ஜாதி தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கேள்விக்கு என் கண்முன்னால் பதில் வந்துவிட்டது. எனக்கோ காதில் ஒரே ஒரு குரல்தான். 'எட்டாவதுலயும் லேசா இருக்குதே கோதை.' புள்ளி விழுந்த சூரியனுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்த போலியையும் அந்த மனுஷன் கண்டுபிடித்திருக்கிறார். அசலையும் கண்டுபிடித்திருக்கிறார். என் கை எது, என் கை எது இல்லை என்றுகூடச் சரியாகச் சொன்னார். ஒரு மண்ணும் இல்லை என்று கத்தினேனே, ஐயோ, எந்த வாயால் கத்தினேன்!

லூர்துராஜின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை மீறியது, கடிதத்தைத் தடுத்தது, அவர் எட்டைக் கேட்டது, எல்லாம். ராஜினாமாவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். "இது யாருக்கும் தெரிய வேண்டியதில்லம்மா" என்றார். "எனக்குத் தெரியுமே சார்" என்றேன். வெளியே ஹசீனா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து, மன்னித்துக்கொள் என்றேன். அவள் அழுதுகொண்டே ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செங்கோடனின் மடிக்கணினியைத் திறந்தேன். அந்த நாலு பக்கமும் அனுப்பாத கடிதங்களுக்கு நடுவில் புரட்டாசித் தேதியோடு கிடந்தது. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. வடையும் இருக்கட்டும் என்று அப்படியே அனுப்பினேன். நாலு மாதத்துக்கு முன்னால் இந்தப் பொத்தானிலிருந்துதான் அவர் விரலை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் டிவியில் செய்தி வந்துவிட்டது. ஏழாவது கோளின் படம் என்று ஏதோ ஒரு நீல உருண்டையைக் காட்டினார்கள். அவருடைய புகைப்படத்தையும் காட்டினார்கள், மீசை ஒழுங்காக இருந்த காலத்துப் படம். போன் அடித்தது. நறுமுகை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"அம்மா! உள்ள யாரோ சுட்டுக்கிட்டே இருக்காங்கம்மா!"

"ஆமா கண்ணு."

பிறகு அவள் குரல் மாறியது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. ஆவணில அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. கடைசி மாசம் அதப் பத்தி வாயே தொறக்கல. நான் பேச்செடுத்தாலும் மாத்திட்டாரு. அது போலியா இருக்கும்னு நெனச்சுட்டாராம்மா? அசல்னு தெரியாமயே போயிட்டாரா? நீ பொய் சொல்ல மாட்டன்னுதான் உங்கிட்டக் கேக்கறேன்."

கட்டில் காலியாக இருந்தது. மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டம்ளர் மட்டும் ஜன்னல் மேடையில் இருந்தது.

"சேச்சே, என்ன பேச்சு இது" என்றேன். "பேச மூச்சு இல்ல கண்ணு, அதான் பேசல. எங்கிட்டத் தெனமும் சொல்லுவாரு. கடைசி நாள் காலைலகூடச் சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்ப, தெரிஞ்சுதான் போனாரா?"

"தெரிஞ்சுதான் போனாரு. சந்தோஷமாப் போனாரு."

என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. மகள் நம்பிவிட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.